மூணாம் நம்பர் சுயம்புவும் டச்சுக்காரன் குண்டும்

காலை ஐந்தே முக்காலுக்குச் சுயம்பு தன் வலது கையின் நான்கு விரல்களை அந்தக் கல்லின் குழிக்குள் விட்டு எடுக்கவில்லை என்றால், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் ஒரு சக்கரம் உருளாது. கொடி பிடிக்கிறவர் கொடியோடு நிற்பார். சிக்னல் சிவந்தே கிடக்கும். டெல்லியில் பெரிய பெரிய அதிகாரிகள் வாயில் பிரஷ்ஷோடு, "என்ன, கல்லுவிளையில் இன்னும் விரல் விடவில்லையா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதைச் சொல்வது சுயம்பு அல்ல. அவர் அடக்கமான மனிதர். அவர் சொல்வது இவ்வளவுதான்: "நான் இல்லேன்னாலும் வண்டி ஓடும். ஆனா அதுல ஒரு ஒழுங்கு இருக்காது, கேட்டியா."

விரலை எடுத்ததும் தூண்களை எண்ணுவார். கல்லுவிளை ரயில் நிலையத்தின் முகப்பில் ஆறு கருங்கல் தூண்கள். நேற்றும் ஆறு, முந்தாநாளும் ஆறு. ஆனாலும் எண்ணுவார். எதற்கு மாமா தினமும் எண்ணுகிறீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ராத்திரி எத்தனை கூட்ஸ் வண்டி போகு? எவனாவது ஒண்ணை ஏத்திக்கிட்டுப் போயிட்டான்னா? பெறவு ஆரைப் போய் கேக்க?"

கல்லுவிளையை நகரம் என்று நகராட்சிப் பலகை மட்டும் சொல்கிறது. ரயில் நிலையம் அப்படியல்ல. யாரும் சொல்லாமலே கம்பீரமாக நிற்கிறது. ஆளுயரத்துக்கு மேல் கொத்திச் சீராக்கிய கல்லால் எழுப்பிய சுவர். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை ஒரு பக்கமும் ஐப்பசித் துலாமழை மறு பக்கமும் வழிந்தோடட்டும் என்று இரண்டு பக்கமும் சரித்துப் போட்ட ஓட்டுக் கூரை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரு வளைவு. அதைப் பார்த்தால் சர்ச்சுக்கு வெட்டிய ஜன்னல் வழி தவறி இங்கே வந்துவிட்டது போல இருக்கும். உச்சியில் காற்றுப் போக வைத்த ஓட்டைகளில் புறாக்கள் டிக்கெட் எடுக்காமல் குடியிருக்கின்றன. காத்திருப்புக் கூடத்தின் உள்சுவரில், முழங்கால் உயரத்தில்தான் அந்தக் கல். நல்ல அகலமான கல். நடுவில் வட்டமாக, வழவழப்பாக ஒரு குழி.

பெரிய வயதுள்ள கட்டடம் ஒன்றுமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே எழுபத்தொன்பதில்தான். மற்ற ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்து நிலையங்களைக் காட்டிப் பெருமையடிக்கும்போது நம் ஊர்க்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சுயம்பு மூடமாட்டார். "நாப்பத்தஞ்சு வயசு மனுசனுக்குத்தான் நடு வயசு. கட்டடத்துக்கு அது கிழடு. ஏன்னு சொல்லு? அது பொறந்த நாள்லேர்ந்து ஒரு நாளாவது படுத்து ஒறங்கியிருக்கா? நின்னுக்கிட்டேல்லா இருக்கு!"

அவரும் நின்றுகொண்டேதான் இருப்பார். காத்திருப்புக் கூடத்தில் அத்தனை பெஞ்சு கிடந்தும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வயது ஐம்பத்தைந்து. சிவப்புச் சட்டை. புஜத்தில் பித்தளை வில்லை, அதில் மூன்று என்ற எண். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் சுமையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வெகுநாள் ஆகிறது. இப்போது கல்லுவிளையின் சுமைதூக்கிகள் மூன்றாம் நம்பரில் தொடங்கி மூன்றாம் நம்பரிலேயே முடிகிறார்கள்.

தூக்காத சுமை இல்லை. குளச்சல் மீன்பெட்டியைத் தூக்கிப் பனிக்கட்டி உருகி முதுகெல்லாம் கடலாகியிருக்கிறது. அருமனையிலிருந்து வரும் ரப்பர் ஷீட் கட்டைத் தூக்கிய நாளில் வீட்டு நாய் அவரை அடையாளம் தெரியாமல் குரைத்திருக்கிறது. கால் பிசகிய ஒரு டீச்சரம்மாவை நாற்காலியோடு தூக்கி ஏற்றியிருக்கிறார். இறங்கும் ஊர்வரை அந்த நாற்காலியும் போனது. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவருக்கு உலகத்தில் ஒரே விரோதி பெட்டிக்குச் சக்கரம் கண்டுபிடித்தவன். "உருட்டுப்பெட்டி" என்பார், கெட்ட வார்த்தை சொல்லும் முகத்தோடு. யாராவது அதை இழுத்துக்கொண்டு போனால் கூடவே பத்தடி நடப்பார். பெட்டியைப் பரிதாபமாகப் பார்ப்பார். "சார், அது அழுது கரையுது. காதுல கேக்கல்லியா?" பெட்டிக்காரர் வேகமாக நடப்பார். சுயம்புவும் வேகமாக நடப்பார். நடந்துகொண்டே, அந்த வளைவை யார் கட்டினார், ஓடு எந்தச் சூளையில் வெந்தது, ஆறாவது தூண் மற்றதைவிட ஏன் ஒரு விரற்கடை மெலிந்தது என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஒருவர், "எனக்கு வரலாறு வேண்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம்னா எறக்கி வையுங்கோ சார், நான் சொமக்குகேன்" என்றார் சுயம்பு.

ரயில்களையும் அவர் ஆட்களாகத்தான் பேசுவார். "பரசுராமு இன்னைக்கு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு வாறான்." "ஐலண்டுகாரன் வயித்துவலிக்காரன் மாதிரி முக்குகான், பாத்தியா."

இரண்டாவது தூணுக்கு எதிரே ஜெபமணியின் டீக்கடை. அவள் மகள் ஜினிக்கு வயது பதினேழு. பதினொன்றாம் வகுப்போடு அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு முறிந்தது. யார் யாரை விட்டது என்பதில் இன்றைக்கும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இதையெல்லாம் எழுதுகிறவளும் அந்த ஜினிதான் என்பதால் அவளைப் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. ஆனால் அவள் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் சுயம்புவைச் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் முந்தி ஒரு துலாமழை நாள். வண்டிகள் எல்லாம் எங்கெங்கோ நனைந்துகொண்டு நின்றன. கூடத்தில் ஆளில்லை. சுயம்பு வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றார். சும்மா இருந்தால் ஜினிக்குக் கை அரிக்கும், நாக்கும் அரிக்கும்.

"மாமா, அந்தக் கல்லுல குழி எப்படி வந்துதுன்னு தெரியுமா?"

சுயம்பு திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பிடி?"

"குளச்சல் சண்டை நடந்துல்லா, மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்துல? அப்ப டச்சுக்காரன் பீரங்கியால சுட்ட குண்டு பட்ட எடம் அது. கல்லு ஒரு கோட்டைச் சுவத்துல இருந்துது. கோட்டை இடிஞ்ச பெறவு ஸ்டேஷன் கட்டதுக்கு இஞ்ச கொண்டுவந்து வச்சாவ. புஸ்தகத்துல இருக்கு."

எந்தப் புத்தகம் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயரையும் அவள் தயாராக வைத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் நின்னு சுட்டான்?"

"கடல் பக்கம்."

"கப்பல்லேர்ந்தா?"

"கப்பல்லேர்ந்துதான்."

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் சுயம்பு. மறுபடியும் மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் இதை யாரிடமாவது சொல்லி, அவர்கள் சிரித்து, அதைப் பார்த்துத் தானும் சிரிக்கலாம் என்பதுதான் ஜினியின் திட்டம். மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியைக் கல்லின் முன்னால் நிறுத்தி வைத்துச் சுயம்பு பேசுவதைக் கேட்டதும் அவளுக்கு வடை தொண்டையில் அடைத்தது. அவள் சொன்னது எலும்புக்கூடு. அவர் அதற்குச் சதை வைத்து, சட்டை போட்டு, தொப்பியும் மாட்டியிருந்தார். அன்றைக்குக் கச்சான் காற்று அடித்ததாம். சுட்டவன் பேர் வில்லேமாம். குறி பார்க்கும்போது கண்ணில் உப்புத்தண்ணீர் தெறித்ததில் குண்டு ஒரு முழம் தள்ளிப் போனதாம். "பட்டதுல குண்டு ஒடஞ்சுது சார். கல்லு ஒடையல்ல. நம்ம மயிலாடிப் பக்கத்துக் கல்லாக்கும்." தம்பதி குழிக்குள் விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதிலிருந்து குண்டு வளர்ந்தது. விவேகானந்தர் பாறை பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வழியில் இறங்கினால் அவர்களுக்கென்று மூன்று வாக்கியம் செய்து வைத்திருந்தார்: "டச் பாம். பிக் வார். வி வின்." மூன்றாவது வாக்கியத்துக்கு நெஞ்சில் ஒரு தட்டு. ஹாலந்திலிருந்து வந்த ஒரு பாட்டி அதைக் கேட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சென்னைப் பையன் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டான். அதன் பிறகு கல்லைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

தினமும் ஏழு இருபது வண்டிக்கு வரும் சத்தியநேசன் சாரால் மட்டும் இதைப் பொறுக்க முடியவில்லை. அவர் சமூக அறிவியல் வாத்தியார். "வே சுயம்பு, குளச்சல் சண்டை ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தொண்ணு. இந்தச் சுவரு கட்டினது எழுபதுகள்ல. கட்டாத சுவத்துல குண்டு எப்பிடிவே படும்?"

"சுவரு புதுசு சார், கல்லு பழசு. ஒமக்கு மாதிரி."

"எனக்கு மாதிரியா?"

"ஒமக்கு வாய் பழசு, பல்லு புதுசு. அதத் திருப்பிப் போட்டா இந்தச் சுவரு."

பிளாட்பாரமே சிரித்தது. சத்தியநேசன் சார் புதுப் பல்லைக் காட்டாமல் சிரித்தார்.

போன தைமாதம் நிலையத்தைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. செக்‌ஷன் இன்ஜினியர் எபிசன் வந்து அளந்தார். இளைய மனிதர், மார்த்தாண்டம் பக்கம் வீடு. எல்லாரையும் அண்ணே, அக்கா என்பார். கூடத்தில் நாடாவை இழுத்துப் பிடிக்கச் சுயம்புதான் மறுமுனையில் நின்றார்.

"தரையிலேர்ந்து நாலடிக்கு டைல் வருது அண்ணே. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே டிசைனு. கழுவி விட்டா பளபளன்னு இருக்கும்."

"இந்தக் கல்லு?"

"அதுவும் உள்ள போவும்."

நாடா சுயம்புவின் கையிலிருந்து நழுவி, சர்ரென்று ஓடி எபிசனின் விரலில் அடித்தது. "கை தவறிப்போச்சு சார்" என்றார் சுயம்பு. ஒரு மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கக்கூடிய கை அது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் யாருக்கும் வரலாறு சொல்லவில்லை. உருட்டுப்பெட்டிகள் அழுதுகொண்டே போயின. அவர் கூட நடக்கவில்லை. ஜினி டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் கையிலேயே வைத்திருந்து ஆடை படிந்த பிறகு குடித்தார். ஒரு கல்லுக்காக ஒரு ஆள் இப்படி ஆவாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பொய்க் குண்டுதானே, போனால் போகிறது, வேறொரு கல்லில் வேறொரு குண்டைச் சுட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் எபிசன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"அண்ணே, நம்ம குண்டு வீடியோவைப் பாத்தேன். எனக்கே ரோமம் எழும்பிட்டு. பழமையான பொருள்னு எழுத்துல ஒண்ணு கையில இருந்தா, அந்தக் கல்லை மட்டும் விட்டுட்டு டைல் போட எனக்கு வழி இருக்கு. நான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். இந்த ஊர்க்காரரு, நாப்பத்தஞ்சு வருசமா பாக்கியரு, ஒரு ஒப்பு மட்டும் போட்டுத் தாருங்க. மேல அனுப்புகேன்."

சுயம்பு காகிதத்தை வாங்கினார். பேனாவை வாங்கினார். எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கீறிப் பார்த்தார். ஜினி டீத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். தான் மழைநாளில் வாய்க்கு வந்தபடி விட்ட கதை, அரசாங்க முத்திரை குத்திக்கொண்டு வந்து நிற்கிறது. நாளைக்கு விவரமானவர் யாராவது மேலே அதைப் படித்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சிரிப்பு இவள்மேல் விழாது. கையெழுத்துப் போட்டவர்மேல் விழும். வாயைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால் கல் போய்விடும். அவள் பேனா முனையையே பார்த்தாள்.

சுயம்பு "சு" என்று மட்டும் எழுதினார். அப்படியே நிறுத்தினார். பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இது குண்டு இல்ல."

"பின்ன?"

"ஆட்டுரலு."

எபிசன் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சுயம்பு சொன்னார். வழக்கமாகச் சொல்வது போல இல்லை. காற்றும் இல்லை, கப்பலும் இல்லை. அவருடைய அப்பா வைகுண்டம் இந்தச் சுவர் கட்டிய கல்தச்சர்களில் ஒருவர். அம்மா அன்னபாக்கியம் அதே இடத்தில் சாந்து சுமந்தவள். ஊருக்கெல்லாம் உரல் கொத்திக் கொடுத்த வைகுண்டத்தின் வீட்டில் உரல் கிடையாது. இட்லிக்கு மாவாட்ட அம்மா அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்த வீட்டுக்காரி மாவோடு சேர்த்து நாலு வார்த்தையும் அரைத்து அனுப்புவாள். ஒருநாள் அம்மா மாவுச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அழுதிருக்கிறாள். அதன் பிறகுதான் வைகுண்டம் ஒரு நல்ல கல்லைத் தனியாக ஒதுக்கி, கஞ்சி குடிக்க விடும் நேரத்தில் உட்கார்ந்து குழி கொத்த ஆரம்பித்தார். பத்து வயதுச் சுயம்பு தினமும் விரலை விட்டு அளப்பான். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று.

"நாலு விரல் ஆழம் ஆனப்ப, ஸ்டேஷன் தொறக்க நாள் குறிச்சிட்டாவ. சுவத்துல ஒரு கல்லு கொறயுது. லாரி வரல்ல. மேற்பார்வைக்காரன் சுத்திப் பாத்தான். இதத் தூக்குன்னான். எங்கப்பன் ஒண்ணும் பேசல்ல. குழியை உள்பக்கமாத் திருப்பி வைக்கப் போனாரு, ஆருக்கும் தெரியாண்டாமேன்னு. எங்கம்மை சாந்துச் சட்டியோட வந்து முன்னால நின்னா. 'குழி வெளிய இருக்கட்டும். எனக்க உரலு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்'ன்னா."

"பிறகு வேற ஒண்ணு கொத்திக் குடுக்கல்லியா அண்ணே?"

"தாறேன் தாறேன்னு சாவது வரைக்கும் சொன்னாரு. அம்மையும் போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. திருவனந்தபுரம் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போம்போதெல்லாம் இஞ்ச நிப்பா. குழியில கையை விட்டு ஒரு சுத்துச் சுத்துவா, மாவு தள்ளது மாதிரி. 'இன்னும் கொஞ்சம் அரையணும்'ன்னு சொல்லிச் சிரிப்பா."

எபிசன் காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"ஆட்டுரல்னு எழுதினா நிக்காதே அண்ணே. குண்டுன்னா நிக்கும்."

"தெரியும் சார். ஆனா எனக்க அம்மைக்க உரலை டச்சுக்காரனுக்கு எழுதிக் குடுக்க மனசு வரமாட்டேங்கு."

எபிசன் போன பிறகு ஜினி தட்டைக் கீழே வைத்தாள். "மாமா, அந்தக் குண்டு கதை... அது புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல. நான் சும்மா உண்டாக்கினது."

"அப்பிடியாட்டி?" என்றார் சுயம்பு. "இந்தக் கல்லு சுவத்துல ஏறும்போ நான் இஞ்ச நிக்கேன். உனக்க அம்மைக்கு அன்னைக்குப் பல்லு மொளச்சிருக்காது. நீ வந்து எனக்குக் குண்டு காட்டித் தாறியா?"

"பின்ன எதுக்கு எல்லாருட்டயும் சொன்னிய?"

"நீ குண்டு சொன்னது ஒண்ணாம் பிளாட்பாரத்துல டைல் போட்ட வருசம்லா. என்னைக்காவது இதுக்கும் வரும்னு தெரியும். ஆட்டுரல்னா ஆரு நின்னு பாப்பா? பீரங்கின்னா ஒருத்தனும் தொடமாட்டான்னு நெனச்சேன். நல்ல பொய்யாத்தான் தந்த, ஏட்டி. வாயால சொல்ல மட்டும் கொள்ளாம். ஒப்புப் போடக் கொள்ளாது."

டைல் ஒட்ட பீகாரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கெட்டிக்காரர்கள். கல்லுச் சுவர் நாளுக்கு நாள் வெள்ளையாகிக்கொண்டு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கல்லுக்கு மூன்று டைல் தூரத்தில் வந்து நின்றது வெள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மூடிவிடுவார்கள். சுயம்பு அன்று கூடத்துக்குள் வரவே இல்லை. இரண்டாம் பிளாட்பாரத்தின் கடைசியில் கிடக்கும் பார்சல் வண்டியில், தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுயம்பு உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி டீக்கடைக்கு வந்தபோது ஜெபமணி நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆளு ஒடிஞ்சுல்லா போயிருக்காரு" என்றாள்.

இரண்டு மணிக்கும் மூன்றே காலுக்கும் இடையில் கல்லுவிளையில் ஒரு வண்டியும் நிற்காது. பீகார்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு முகப்பில் தூண் நிழலில் கண்ணயர்ந்தார்கள். எழுந்து வந்து பார்த்தபோது, அந்தக் கல்லுக்கு நேர் மேலே, டைல் ஏறாத உயரத்தில், சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு மண்டையோடு. கீழே குறுக்காக இரண்டு எலும்பு. பக்கத்தில் ஒரு மின்னல். அதன் அடியில் 25000 என்ற எண். தண்டவாளத்து மின்கம்பங்களில் தொங்குகிற அபாயப் பலகையில் உள்ளது அப்படியே, ஒரு கண் மட்டும் கொஞ்சம் பெரிது.

இதை வரைந்தது யார் என்று தெரியவில்லை. கல்லுவிளையில் சிவப்புப் பெயின்ட் வைத்திருப்பவர்கள் ஏராளம். டீக்கடையின் விலைப்பலகை அன்று காலைதான் சிவப்பில் புதிதாக எழுதப்பட்டது என்பது இதற்குச் சம்பந்தமில்லாத செய்தி.

பீகார்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. மண்டையோட்டுக்கு மொழி தேவையில்லை. மூவரும் கூடிப் பேசினார்கள். மூத்தவர் தலையை ஆட்டிவிட்டு, கல்லைத் தொடாமல், அதைச் சுற்றி நான்கு பக்கமும் டைலை அறுத்து ஒட்டினார். நல்ல வேலைக்காரர் என்பதால் ஓரத்தில் ஒரு பட்டையும் கொடுத்தார். கடைசியில் பார்த்தால், கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டது போல வெள்ளைக்கு நடுவில் கருப்பாக அந்தக் கல் உட்கார்ந்திருந்தது.

ஐந்து மணிக்கு எபிசன் வந்தார். மண்டையோட்டைப் பார்த்தார். குனிந்து எண்ணைப் படித்தார்.

"இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டா? வெயிட்டிங் ஹால் சுவத்துக்குள்ளயா? இதுல ஒரு வயரைச் சொருகினா வண்டியே ஓடுமே!"

"நான் வடை போட்டுக்கிட்டிருந்தேன் சார்" என்றாள் ஜெபமணி, கேட்காமலே.

எபிசன் ஆளனுப்பிச் சுயம்புவை அழைத்தார். அவர் வாசல்வரை வந்து நின்றார். உள்ளே பார்க்காமல் தரையைப் பார்த்தபடி வந்தார். தலையைத் தூக்கியபோது சட்டத்துக்குள் கல் இருந்தது. கொஞ்ச நேரம் அவருக்கு அது என்னவென்றே விளங்காதது போல இருந்தது. பிறகு மெதுவாக நடந்து போய், முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் மட்டும் கல்லின் விளிம்பைத் தொட்டார்.

"என்ன அண்ணே, கரன்ட் உண்டா?" என்று கேட்டார் எபிசன்.

"உண்டு சார்" என்றார் சுயம்பு. அவர் திரும்பவில்லை. "நல்ல கரன்ட்."

எபிசன் தன் நோட்டில் என்னவோ எழுதினார். எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "எலக்ட்ரிகல்காரங்க வந்து பாத்துச் சொல்லது வரைக்கும் இத ஆரும் தொடாண்டாம்." அவர்கள் எப்போது வருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தது. சுயம்பு நேராக டீக்கடைக்கு வந்து நின்றார். "ஏட்டி, ஒரு டீ."

ஜினி டீ ஆற்றவில்லை. அம்மா ஆற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். சுயம்பு கையை நீட்டவில்லை. கிளாசைப் பார்த்தார். அது அவளுடைய இடது கையில் இருந்தது.

"பீச்சாங்கையால தாறியா?"

"வலது கையில சூடு பட்டுட்டு மாமா."

"எப்பம்?"

"வடைச்சட்டியில. மத்தியானம்."

"ரெண்டு மணிக்கா? மூணு மணிக்கா?"

ஜினி வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் இன்னும் ஒளித்தாள். சுயம்பு போய்விட்டார். போய்த் தொலைந்தார் என்று அவள் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தார். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடமிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தின்னரும் கொஞ்சம் பஞ்சும் வாங்கி வந்திருந்தார். சிரட்டையைப் பலகையின் மேல் வைத்தார். தன் உள்ளங்கையை மலர்த்தி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வேறு வழியில்லை. பாவாடை மடிப்பிலிருந்து அவள் வலது கையை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு. நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"ஒரு கண்ணு பெருசாப் போச்சு" என்றார் சுயம்பு. பஞ்சை நனைத்துச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாக, நகத்தின் ஓரம்வரை, எரிகிறதா என்று நடுவில் ஊதி ஊதித் துடைத்தார். நேரமாயிற்று. ஏதோ ஒரு வண்டி வந்தது, உருட்டுப்பெட்டிகள் உருண்டன, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முழுவதும் போன பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஆறிப்போன அந்த டீக்கிளாசை எடுத்து அவளுடைய வலது கையில் வைத்தார்.

"இனி தா" என்று கையை நீட்டினார்.